கட்டும் காசும்: வக்கீல் பாதியில் விலகினால் முன்பணம் யாருக்கு?

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடைப்பட்ட ஸ்டேஷன் கவரைப்பேட்டை. இங்கிருந்து கோர்ட்டுக்குப் போகும் வழக்குகளைப் பார்த்தாலே இந்த வட்டாரத்தின் பிழைப்பு தெரிந்துவிடும். ஜி.என்.டி. சாலையில் லாரி மோதிக் காலை இழந்தவரின் நஷ்டஈட்டு மனு. சிப்காட் கம்பெனிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்துவிட்டு, பவுன்ஸ் ஆன செக்கோடு நிற்கும் லேத் பட்டறைக்காரரின் புகார். நிலத்தின் விலை ஏறிய பிறகு அண்ணன் தம்பிக்குள் முளைத்த பாகப்பிரிவினை. கணக்குத் தீர்க்காமல் வெளியே அனுப்பப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளியின் தாவா. பொன்னேரியில் தொடங்கி, திருவள்ளூர் போய், சில வழக்குகள் பாரிமுனை ஹைகோர்ட் வரை நீளும்.

நீளும் என்பதுதான் விஷயமே. வருஷக்கணக்கில் ஓடும் வழக்கில், முதல் நாள் வக்காலத்துப் போட்ட வக்கீலே கடைசி வாய்தா வரை நிற்பார் என்று சொல்ல முடியாது. அவர் அரசு வக்கீலாகிவிடலாம். ஆபீஸைச் சென்னைக்கு மாற்றிக்கொள்ளலாம். எதிர்த்தரப்பில் நிற்பவர் தன் பழைய கட்சிக்காரர் என்பது பாதியில் தெரியவரலாம். பெரும்பாலும் நடப்பது மனஸ்தாபம்: போனை எடுக்கவில்லை என்று இவருக்குக் கோபம், மீதிப் பணம் வரவில்லை என்று அவருக்குக் கோபம். காரணம் எதுவானாலும், விலகும் நாளில் ஒரு கணக்கு பாக்கி நிற்கிறது. ஆரம்பத்தில் வாங்கிய தொகையில் எவ்வளவு வக்கீலுக்குச் சேர்ந்தது, எவ்வளவு திரும்ப வேண்டும்?

ஏட்டில் இதற்குப் பதில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் 1975-இல் வகுத்த விதிகளில், வக்கீல்களின் நடத்தை பற்றிய பகுதியில் 12-ஆவது விதி அது. ஏற்றுக்கொண்ட வழக்கிலிருந்து தகுந்த காரணமில்லாமல் வக்கீல் விலகக் கூடாது. விலகுவதாக இருந்தால் கட்சிக்காரருக்குப் போதிய அவகாசத்தோடு முன்கூட்டியே சொல்ல வேண்டும். விலகிய பிறகு, வாங்கிய பீஸில் வேலை செய்து ஈட்டாத பகுதியைத் திருப்பித் தர வேண்டும்.

விதி இவ்வளவு தெளிவு. ஆனால் ஈட்டிய பகுதி எது, ஈட்டாத பகுதி எது என்று அளந்து சொல்வது யார்? அதைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை. தகராறு முழுக்க அந்த மௌனத்தில்தான் குடியிருக்கிறது.

கவரைப்பேட்டை மாதிரி ஊரில் வக்கீலுக்குப் பணம் பல விதமாகப் போகிறது. பெரிய கம்பெனிகள் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துச் சட்ட ஆலோசகராக ஒருவரை வைத்துக்கொள்கின்றன. ரிடெய்னர் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். நோட்டீஸ் வந்தாலும் வராவிட்டாலும், கூப்பிட்டால் கிடைப்பார் என்பதற்கான விலை அது. ஜூன் மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை என்பதற்காக ஜூன் மாதப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. தனி ஆட்களின் வழக்கில் வேறு வழக்கம். ‘கேஸ் முடியற வரைக்கும் இவ்வளவு’ என்று மொத்தமாகப் பேசி, பாதியை முதலிலேயே வாங்கிக்கொள்வார்கள். வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்பவர்களும் உண்டு. தகராறு குறைவாக வருவது இந்த வகையில்தான், ஆனால் வாய்தா மேல் வாய்தா ஏறும்போது கட்சிக்காரருக்கு வரும் சந்தேகம் தனிக்கதை. விபத்து வழக்குகளில் வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்ற பேச்சும் நடக்கிறது. அது சட்டப்படி செல்லாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மொத்தமாகப் பேசிய பீஸில்தான் சிக்கல் அதிகம். ஒரு பேச்சுக்கு, அந்த லேத் பட்டறைக்காரரின் 4 லட்சம் ரூபாய் செக் ஒன்று பவுன்ஸ் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 40,000 பேசி 25,000 கை மாறியிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், புகார் எழுதினார், தாக்கல் செய்தார், சம்மன் போய் எதிரியும் ஆஜராகிவிட்டார். இந்த இடத்தில் வக்கீல் விலகுகிறார். அவர் கணக்கில், யோசித்து எழுதிய வேலை முடிந்துவிட்டது, 25,000 போதாது. பட்டறைக்காரர் கணக்கில், சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையும் வாதமும்தான் வழக்கே, அவை ஒன்றும் நடக்கவில்லை. புது வக்கீல் மறுபடி முழு பீஸ் கேட்பார். இரண்டு கணக்கிலும் நியாயம் இருக்கிறது. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று முதல் நாளே எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. எழுதும் பழக்கம்தான் இல்லை. பணம் வாங்கியதற்கு ரசீதே அபூர்வம்.

செக் வழக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். தாக்கலில் தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸுக்கு அந்தச் சலுகை இல்லை. அசல் செக்கையும் பேங்க் மெமோவையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு வக்கீல் இந்த நாள்களில் முறுக்கிக்கொண்டால், போவது பீஸ் மட்டுமல்ல, 4 லட்சமும் சேர்ந்து போகும்.

விலகுவது வக்கீலின் இஷ்டம் மட்டுமல்ல. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 3-ஆவது ஆணை, 4-ஆவது விதிப்படி, ஒருமுறை வக்காலத்துத் தாக்கலானால் அது கோர்ட்டின் அனுமதியோடு எழுத்துமூலம் முடிக்கப்படும் வரை உயிரோடு இருக்கும். கட்சிக்காரரோ வக்கீலோ இறந்தாலும், அவரைப் பொறுத்தவரை வழக்கு நடவடிக்கைகள் எல்லாம் முடிந்தாலும் தானே முடியும். ‘இனி வர மாட்டேன்’ என்று போனில் சொன்ன வக்கீல், கோர்ட் பதிவேட்டில் இன்னும் அந்த வழக்கின் வக்கீல்தான். நடைமுறையில் பலர் செய்வது, கட்சிக்காரரிடமிருந்து தகவல் இல்லை என்று ஒரு மெமோ போட்டு நகர்ந்துவிடுவது. அன்றே கோர்ட் அந்தத் தரப்பை எக்ஸ்பார்ட்டி ஆக்கினால், கவரைப்பேட்டையில் இருப்பவருக்கு விஷயம் தெரிவது அமீனா வாசலுக்கு வரும்போதுதான். மல்கியத் சிங் எதிர் ஜோகிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்தியது. 1998-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள தீர்ப்பு அது. வக்கீல் அப்படிச் சொல்லி விலகினால், சம்பந்தப்பட்டவருக்குக் கோர்ட் நோட்டீஸ் அனுப்பி வேறு வக்கீல் வைத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும், வக்கீலின் செயலுக்கு அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது அதன் சாரம். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு வருபவர்களுக்கு இன்றும் கைகொடுப்பது இதுதான்.

பணத் தகராறு நேராகப் பணத் தகராறாகவே நடப்பது குறைவு. அது கட்டுத் தகராறாக மாறிவிடும். மனு நகல், பத்திரங்கள், கோர்ட் உத்தரவுகள் எல்லாம் சேர்ந்த கேஸ் கட்டு வக்கீல் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. பாக்கியைக் கொடுத்தால் கட்டு வரும் என்பார் வக்கீல். கட்டைக் கொடுத்தால் பேசலாம் என்பார் கட்சிக்காரர். இந்த முடிச்சை அவிழ்க்க நாட்டின் உச்ச நீதிமன்றமே வர வேண்டியிருந்தது.

ஆர்.டி.சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா. சம்பவம் நடந்தது போபாலில். மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கி 1990-இல் ஒரு மூத்த வக்கீலைச் சட்ட ஆலோசகராக ரிடெய்னர் முறையில் அமர்த்தியது. வங்கியின் வழக்குகளையும் அவரே நடத்தினார். 1993 ஜூலை 17-ஆம் தேதி வங்கி அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டு கட்டுகளைக் கேட்டது. கட்டு வரவில்லை. 97,100 ரூபாய்க்கு ஒரு மொத்த பில் வந்தது. அதைத் தீர்த்தால் கட்டுகள் வரும் என்றார் வக்கீல். பாக்கியே கிடையாது என்றது வங்கி. வழக்குகள் நடந்துகொண்டிருந்ததால் வங்கிக்கு அவசரம். 1994 பிப்ரவரியில் அதன் நிர்வாக இயக்குநர் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுத்தார். ஒரு வருஷத்துக்குள் முடியாத புகார் சட்டப்படி இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். இதுவும் போனது. அங்கே வக்கீல் குற்றவாளி என்று முடிவாகி, 18 மாதம் தொழில் செய்யத் தடையும் 1,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் மேல்முறையீடு செய்தார்.

2000 ஆகஸ்ட் 22-ஆம் தேதி நீதிபதிகள் கே.டி.தாமஸ், ஆர்.பி.சேத்தி அமர்வு தீர்ப்புச் சொன்னது. வக்கீல் நம்பியிருந்தது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவை. வங்கிகள், ஹைகோர்ட் அட்டர்னிகள் போன்றவர்கள், தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட சரக்கைப் பாக்கி தீரும்வரை பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தப் பிரிவு. கேஸ் கட்டு அந்தப் பொருளில் சரக்கே அல்ல, அதை விற்றுக் காசாக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதைவிட அழுத்தமான காரணம் வேறு. கேட்ட தொகையைக் கொடுக்க வசதி இல்லாதவர் இருப்பார், நியாயமான பீஸை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன் என்று நம்புகிறவர் இருப்பார். வழக்கு நிலுவையில் இருக்கும்போது கட்டை மறித்தால் அவர்கள் கோர்ட்டில் நிராயுதபாணிகளாக நிற்க வேண்டும். எழுத்தறிவில்லாத கட்சிக்காரர்கள் நிறைந்த நாட்டில் அப்படி ஓர் உரிமையை வக்கீலுக்குக் கொடுத்தால் அது சுரண்டலுக்கு வழிவிடும் என்று கோர்ட் கருதியது. கட்டைத் திருப்பித் தராதது தொழில் ஒழுங்கீனம் என்ற முடிவு நிலைத்தது. தண்டனை மட்டும் குறைந்தது. தனக்கு உரிமை உண்டு என்று அந்த வக்கீல் நல்லெண்ணத்தோடு நம்பியிருக்கக்கூடும் என்பதால், தடைக்குப் பதில் கண்டனத்தோடு விட்டார்கள்.

அந்த நம்பிக்கைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் மதராஸுக்குப் பங்கு இருக்கிறது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் பாக்கிக்காகக் காகிதங்களைப் பிடித்துவைப்பது பழைய உரிமை. பம்பாய் ஹைகோர்ட் 1920-களில் அந்த வழியைப் பின்பற்றியது. மதராஸ் ஹைகோர்ட்டின் டிவிஷன் பெஞ்ச் அதிலிருந்து விலகி நின்றது. பி.கிருஷ்ணமாச்சாரியார் எதிர் அஃபிஷியல் அசைனி வழக்கில் (1932-ஆம் ஆண்டுத் தொகுப்பு), தனியாக ஒப்பந்தம் இருந்தாலொழிய வக்கீலுக்கு அப்படி ஓர் உரிமை கிடையாது என்று சொல்லியிருந்தது. ஆர்.டி.சக்சேனா தீர்ப்பு இந்த மதராஸ் தீர்ப்பை எடுத்துப் பேசுகிறது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் அதன் வக்கீல் ஒருவருக்கும் நடந்த வழக்கிலும் (2004-ஆம் ஆண்டுத் தொகுப்பு) உச்ச நீதிமன்றம் அதே நிலையில் நின்றது: பீஸ் வேண்டுமானால் வேறு சட்ட வழி இருக்கிறது, கட்டை விடு.

ஆக, கட்டைப் பொறுத்தவரை கேள்வி முடிந்தது. இன்று பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ ஒரு வக்கீல் பாக்கிக்காகக் கட்டை மறித்தால், அவர் பார் கவுன்சில் புகாருக்குத் தானே கதவைத் திறந்து வைக்கிறார்.

கட்டு போனாலும் கையெழுத்து மிச்சமிருக்கிறது. புது வக்கீல் வக்காலத்துப் போடும்போது பழைய வக்கீலின் சம்மதம் கேட்கிறார்கள். ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பார் கவுன்சிலின் 39-ஆவது விதி இதைத் தொழில் மரியாதையாக வைத்திருக்கிறது. ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: சம்மதம் கிடைக்காவிட்டால், ஏன் கிடைக்கவில்லை என்று கோர்ட்டுக்குச் சொல்லி, கோர்ட் அனுமதியோடு ஆஜராகலாம். இந்த இரண்டாம் பாதி கட்சிக்காரர்களின் காதுக்கு எட்டுவதில்லை. பழைய வக்கீலின் குமாஸ்தாவிடம் பத்து தடவை நடந்து, கடைசியில் கேட்ட பணத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருகிறார்கள். புது வக்கீலுக்கும் சங்கடம்தான். ஒரே பார் அசோசியேஷனில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் சீனியருக்கு எதிராக அவர் ஏன் மனுப் போடுவார்? சின்ன ஊர்க் கோர்ட்டின் சிநேகம் இங்கே கட்சிக்காரரின் தலையில் விடிகிறது.

சரி, பணத்தை எங்கே போய்க் கேட்பது? இந்த இடத்தில்தான் சட்டம் கைவிரிக்கிறது.

வக்கீலுக்கு ஒரு வழி திடமாக உண்டு. 1926-ஆம் ஆண்டு சட்டத் தொழிலர் கட்டணச் சட்டம், பீஸைத் தனி ஒப்பந்தமாகப் பேசிக்கொள்ளவும், வராவிட்டால் வழக்குப் போடவும் அவருக்கு உரிமை தருகிறது. அதே சட்டம், வக்கீலின் கவனக்குறைவால் நஷ்டமானால் கட்சிக்காரர் அவர் மீது வழக்குப் போடலாம் என்றும் சொல்கிறது. ஆனால் கொடுத்த 25,000-இல் 15,000 ரூபாயைத் திரும்பக் கேட்டு ஒரு சிவில் வழக்கு, அதற்கு ஒரு வக்கீல், அவருக்கு ஒரு முன்பணம் என்று யோசிக்கும்போதே பட்டறைக்காரர் அதைக் கைவிட்டுவிடுவார்.

அடுத்த வழி பார் கவுன்சில். தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். ஆனால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு அந்தக் குழுவுக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் புகாரைத் தள்ளுவது, கண்டிப்பது, சில காலம் நிறுத்திவைப்பது, பட்டியலிலிருந்தே பெயரை நீக்குவது ஆகியவை. பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை. வக்கீலின் தொழிலையே பறிக்க முடிந்த அமைப்புக்கு 15,000 ரூபாயை வாங்கித் தர முடியாது என்பது வினோதம்தான்.

இந்த இடைவெளியை ஒருமுறை உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தாண்டிப் பார்த்தார். அதுவும் சென்னையிலிருந்து போன வழக்கு. 1978-இல் தீர்ப்பான வி.சி.ரங்கதுரை எதிர் டி.கோபாலன். காது கேளாத முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் மொத்தம் 20,000 ரூபாய்க்கான இரண்டு புரோநோட்டுகளை வக்கீலிடம் ஒப்படைத்திருந்தார்கள். வழக்கு தாக்கலாகாமலே கெடு முடிந்தது. மாநில பார் கவுன்சில் ஆறு வருஷம் தடை விதித்தது, இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருஷமாக்கியது. கிருஷ்ணய்யர் தண்டனையை வேறு விதமாகத் திருப்பினார்: வக்கீல் பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும், இலவச சட்ட உதவிப் பணியில் உழைக்க வேண்டும். உடன் அமர்ந்த நீதிபதி ஏ.பி.சென், இப்படி ஒரு நிபந்தனை விதிக்கலாமா என்று தனக்கு ஐயம் இருப்பதைத் தன் தீர்ப்பில் பதிவு செய்தார். சட்டப் புத்தகப்படி சென்னின் ஐயம் சரி. முதியவரின் பார்வையில் கிருஷ்ணய்யரின் 2,500 ரூபாய்தான் சரி. அந்தத் துணிச்சல் விதியாக வளரவே இல்லை.

மூன்றாவது வழியாக நுகர்வோர் மன்றம் இருந்தது. செலவு குறைவு, சாமானியர் தானே போய்ப் பேசலாம். அந்தக் கதவை 2024 மே 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மூடியது. அந்த வழக்கின் வேரும் ஒரு பீஸ் தகராறுதான். டில்லியில் டி.கே.காந்தி என்பவர் 20,000 ரூபாய் செக் பவுன்ஸ் ஆனதற்கு ஒரு வக்கீலை வைத்தார். எதிரி இறங்கி வந்து 20,000-மும் செலவுக்கு 5,000-மும் தர ஒப்புக்கொண்டார். பணத்தை வாங்கிய வக்கீல் அதைக் கட்சிக்காரரிடம் உடனே சேர்க்காமல், தன் பீஸ் 5,000 ரூபாய்க்காகத் தன் கட்சிக்காரர் மீதே வழக்குப் போட்டார் என்பது புகார். மாவட்ட மன்றம் காந்தி பக்கம் நின்றது, மாநில ஆணையம் மாறிச் சொன்னது, தேசிய ஆணையம் 2007-இல் வக்கீல் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. வக்கீல் அமைப்புகள் திரண்டு மேலே போயின. நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு, வக்கீலின் வேலை கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் நடக்கும் தனிப்பட்ட சேவை ஒப்பந்தம், அது நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்று முடித்தது.

தீர்ப்பின் தர்க்கத்தை மறுக்கலாம், ஏற்கலாம். தொழிலின் சுதந்திரம் கடைக்காரர் வாடிக்கையாளர் உறவுக்குள் அடங்காது என்ற வாதத்துக்கு எடை உண்டு. ஆனால் ஒரு கதவை மூடும்போது வேறு கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். ஐந்தாயிரம் ரூபாயில் பிறந்த ஒரு வழக்கில் தேசிய ஆணையத்தின் தீர்ப்புக்கும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் இடையில் மட்டும் 17 வருஷம் ஓடியிருக்கிறது.

இப்போது சதவீத பீஸுக்கு வரலாம். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் இது பெரிய விஷயம். கையில் காசில்லாத குடும்பத்துக்காக வக்கீல் தானே செலவு செய்து விபத்து வழக்கை நடத்துகிறார், வந்த பணத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். குடும்பத்துக்கும் அது வசதியாகவே படுகிறது. வழக்கின் பலனில் பங்கு பேசுவதைப் பார் கவுன்சிலின் 20-ஆவது விதி தடுக்கிறது. 2017 டிசம்பர் 5-ஆம் தேதி தீர்ப்பான பி.சுனிதா எதிர் தெலங்கானா மாநிலம் வழக்கு இதைத் தொட்டது. 1998-இல் கணவரை விபத்தில் இழந்த பெண் நஷ்டஈடு பெற்று, வக்கீலுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். அதன் பிறகும் 3 லட்சத்துக்கு ஒரு செக்கில் தன்னிடம் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்றார். அந்த செக் திரும்பியதும் அவர் மீதே செக் பவுன்ஸ் வழக்கு வந்தது. நீதிபதிகள் ஏ.கே.கோயல், யு.யு.லலித் அதை ரத்து செய்தார்கள். நஷ்டஈட்டில் சதவீதமாக வைத்த பீஸ் பொதுநலனுக்கு விரோதம், செக்கில் கையெழுத்து இருப்பதாலேயே கடன் இருப்பதாகிவிடாது என்றார்கள். 1988-இல் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 131-ஆவது அறிக்கையை எடுத்துக்காட்டி, வக்கீல் பீஸை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவருவது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

சதவீதப் பேச்சு செல்லாது என்றால், பாதியில் மாற்றப்பட்ட விபத்து வழக்கு வக்கீலுக்கு ஒன்றுமே கிடையாதா? அப்படியில்லை. ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் நியாயமாகச் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு சொல்கிறது. வேலைக்குத் தகுந்த கூலி என்ற அந்த வாதம் அவருக்கு மிச்சம். அதற்கும் அவர் என்ன வேலை செய்தார் என்ற பதிவு வேண்டும்.

வக்கீல் தரப்பைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். இடைக்காலத் தடை வாங்கும்வரை தினமும் ஆபீஸ் வாசலில் நிற்கிற கட்சிக்காரர், தடை கிடைத்த மறுநாளிலிருந்து போனை எடுக்காதது எந்தக் கோர்ட்டிலும் கேட்கிற கதை. வழக்கு தோற்றால் பீஸைத் திரும்பக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தோற்றதற்காகத் திருப்பித் தர எந்த விதியும் சொல்லவில்லை. ஜூனியர் வக்கீலின் நிலை இன்னும் மோசம். சீனியர் விலகும்போது கட்டு இவர் கையில், பணம் அவர் கையில், புகார் இருவர் மேலும். இன்னொரு வேறுபாடும் கவனிக்கத் தக்கது. 12-ஆவது விதி பேசுவது வக்கீல் தானாக விலகுவதைப் பற்றி. கட்சிக்காரரே வக்கீலை மாற்றினால், பேசிய பீஸ் முழுவதும் தன்னுடையது என்று வக்கீல் வாதாட இடமிருக்கிறது. சண்டை போட்டுப் பிரியும்போது யார் யாரை விட்டார்கள் என்பதே தெளிவாக இருக்காது. அதனால்தான் விலகல் கடிதத்தை யார் முதலில் எழுதுவது என்று இரண்டு தரப்பும் காத்திருக்கின்றன.

வெளிநாடுகளில் இந்தச் சண்டை இல்லாமல் இல்லை, தீர்க்கும் இடம்தான் வேறு. நியூயார்க்கில் கூப்பர்மன் என்ற வக்கீல், கோர்ட்டில் ஆஜராவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் எந்தக் காரணத்துக்கும் திரும்பாது என்ற நிபந்தனையோடு 15,000 டாலர் வாங்கினார். ஒரே மாதத்தில் கட்சிக்காரர் அவரை நீக்கியபோது பணத்தைத் தர மறுத்தார். வக்கீலை மாற்றும் சுதந்திரத்தையே இந்த நிபந்தனை பறிக்கிறது என்று 1994-இல் அம்மாநில உச்ச மேல்முறையீட்டு மன்றம் கூறி, அவருக்கு விதிக்கப்பட்ட இரண்டு வருஷத் தடையை உறுதிசெய்தது. அதே மாநிலத்தில் 2002 முதல், 1,000 டாலரிலிருந்து 50,000 டாலர் வரையிலான பீஸ் தகராறுகளைக் கட்சிக்காரர் மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோகலாம், வக்கீல் மறுக்க முடியாது. கலிபோர்னியாவிலும் இதே மாதிரி ஏற்பாடு. இங்கிலாந்தில் 2010 முதல் லீகல் ஆம்புட்ஸ்மன் என்ற அலுவலகம் வக்கீல்கள் மீதான புகார்களை விசாரித்து, பீஸைக் குறைக்கச் சொல்லவும் செய்கிறது. இலங்கையில் நம்மூர் நிலைமைதான். வக்காலத்துக்கு அங்கே புரொக்சி என்று பெயர். சிவில் நடைமுறைக் கோவையின் 27-ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற சட்டத்தரணிக்கு அறிவித்து, கோர்ட் அனுமதியோடுதான் அதை ரத்து செய்ய முடியும்.

இந்த ஏற்பாடுகளில் தமிழ்நாட்டுக்குப் பொருந்துவது நியூயார்க் மாதிரிதான் என்று தோன்றுகிறது. பார் கவுன்சில் ஏற்கெனவே இருக்கிறது, மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சமரச மையங்கள் இருக்கின்றன. ஒரு வக்கீல், ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, வக்கீல் தொழிலில் இல்லாத ஒருவர் என்று மூன்று பேர் உட்கார்ந்து, கட்டைப் பார்த்து, எந்தக் கட்டம் வரை வேலை நடந்திருக்கிறது என்று கணக்கிட்டால் அரை நாள் வேலை. ஒழுங்கு நடவடிக்கை என்ற பெரிய வாளை எடுக்காமலே முக்கால்வாசிப் புகார்கள் தீரும். அதற்குத் தேவை, பார் கவுன்சில் விதிகளில் ஒரு திருத்தம்.

அதுவரை இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். பார் கவுன்சில் விதிகள், கட்சிக்காரரின் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும் என்கின்றன. பீஸுக்கு வாங்கியது எவ்வளவு, செலவுக்கு வாங்கியது எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். கேட்டால் நகல் தர வேண்டும். இதைக் கேட்பது சண்டை போடுவதாகாது. லேத் பட்டறைக்காரர் முதல் நாள் ஒரு வெள்ளைத் தாளில் நோட்டீஸுக்கு இவ்வளவு, தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சிக் கட்டத்துக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், 12-ஆவது விதி சொல்லாமல் விட்ட அளவுகோல் அந்தத் தாளில் கிடைத்துவிடும். பணத்தை ஜி-பேயிலோ பேங்க் மூலமோ அனுப்பினால் ரசீது கேட்கும் கூச்சமும் மிச்சம். அசல் பத்திரங்களைக் கொடுக்கும்போது பட்டியல் எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்வது, நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது, மின்-நீதிமன்ற இணையதளத்தில் தன் வழக்கின் வாய்தாத் தேதியைத் தானே பார்த்துக்கொள்வது: இவை வக்கீலைச் சந்தேகிப்பவர் செய்யும் வேலைகள் அல்ல.

சிப்காட் தொழிலாளர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, அதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்களின் பட்டியலைத் தருகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருடன் தொழிற்சாலைத் தொழிலாளியும் அதில் வருகிறார். இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, புரியாத மொழியில் அச்சிட்ட வக்காலத்தில் கையெழுத்துப் போடும் தொழிலாளிக்கும் இது பொருந்தும். இப்படி அமர்த்தப்படும் வக்கீலுக்கான பீஸைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவே கொடுக்கிறது. அவர் விலகினால் வேறொருவரை நியமிக்க அங்கேயே மனுக் கொடுக்கலாம். முன்பணம் என்ற பேச்சே அங்கே எழாது.